அறுபத்து நான்காம் நாள்

பதினேழாம் கொட்டிலின் திரையில் ஆறு மாதங்களாக ஒரே எண்தான். அறுபத்து நான்கு. காலையில் விளக்கைப் போடும்போதும் அதுதான், மாலையில் தொட்டி கழுவும்போதும் அதுதான். பக்கத்துக் கொட்டில்களில் மூன்று வருடங்களாக அதே எண். நாற்பது கொட்டில்கள், நாற்பது திரைகள், எல்லாவற்றிலும் அறுபத்து நான்கு.

அது சினையின் நாள் கணக்கு. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். ஆனால் தாளவாடி மலைமேல் இருந்த அந்தப் பண்ணையில் எந்தக் குதிரையும் அறுபத்தைந்தாம் நாளைப் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இது புரியாமல் சாதனா சென்னியப்பனிடம் கேட்டிருந்தாள். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவர் அவர். தீவனம் அளப்பது, சாணம் அள்ளுவது, புதிதாக வருகிறவர்களைக் கேலி செய்வது மூன்றும் அவருடைய வேலை.

"அது ஒண்ணுமில்லை அம்மிணி. குட்டி உண்டாயி நாப்பது நாள் ஆச்சுன்னா கருப்பைச் சுவத்துல சின்னச் சின்னதா கிண்ணமாட்டம் மொளைக்கும். அதுல ஒரு சத்து ஊறி ரத்தத்துல கலக்கும். அந்தச் சத்தை எடுத்து ஊசி போட்டா, பட்டியில இருக்கற அத்தனை ஆடும் ஒரே வாரத்துல சினைக்கு வந்துரும். அதுக்குத்தான் இத்தனை கூத்து."

"அப்ப குட்டி?"

"குட்டி எதுக்கு? கிண்ணம் மொளைக்கற வரைக்குந்தான் குட்டி. மொளைச்சதும் டாக்டரம்மா ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியால ஒரு குத்து. முடிஞ்சுது. குட்டி போனாலும் கிண்ணம் போகாது. அது பாட்டுக்கு ஊறிக்கிட்டுக் கெடக்கும்."

"எத்தனை நாளைக்குங்ண்ணா?"

"முன்னெல்லாம், இந்தப் பண்ணை வர்றதுக்கு முந்தி, நூறு, நூத்தியிருவது நாளு. அந்தக் கிண்ணம் தாயோட சதை கிடையாது, குட்டியோட சதை. தாயோட ஒடம்பு அதைக் கண்டுபுடிச்சு அரிச்சுத் தள்ளிரும். இப்பத்தான் பொடி வந்திருச்சே. பொடியத் தின்னா ஒடம்புக்குள்ள இருக்கற காவக்காரன் தூங்கிருவான். கிண்ணமும் அப்படியே நிக்கும், நாளும் அப்படியே நிக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உம்பட வயசுக்கும் அப்படியொரு பொடி கேட்டுப் பாரு, குடுப்பாங்க" என்றார்.

சாதனா அன்று சிரித்தாள். அது ஒன்றரை வருடத்துக்கு முன்பு.

வெள்ளிக்கிழமைதோறும் ரத்தம் எடுப்பார்கள். பண்ணையில் அதற்குப் பெயர் கறவை. கழுத்து நரம்பில் குழாயைச் செருகி, பை நிறையும்வரை குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டும். பதினொன்றிலிருந்து இருபது வரை பத்துக் கொட்டில்கள் சாதனாவின் பொறுப்பு. காலையில் கொள்ளில் பொடி கலந்து வைப்பதும் அவள்தான். கையுறை கொடுத்திருந்தார்கள். கொள்ளைப் பிசைந்து பிசைந்து அது வாரத்துக்குள் விரலிடுக்கில் கிழிந்துவிடும். அடுத்த ஜோடி மாதம் பிறந்தால்தான் வரும்.

குடியிருப்பில் நான்கு பெண்கள் இருந்தார்கள். பொடியைத் தொட ஆரம்பித்த சில மாதங்களில் நான்கு பேருக்கும் மாதவிலக்கு நின்றுவிட்டது. கம்பெனி ஓர் அறிவிப்பை ஒட்டியது. பயப்பட வேண்டாம், வேலையை விட்ட ஆறு மாதத்தில் தானாகச் சரியாகும் என்று. அதற்குக் கீழே இன்னொரு வரி: கர்ப்பமாகும் பெண் பணியாளர்கள் அன்றே தெரிவித்து வேலையிலிருந்து விலகிவிட வேண்டும். அந்த இரண்டாவது வரியைச் சாதனா ஒருமுறைதான் படித்தாள். அது தனக்கு எழுதியது இல்லை என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினொரு வருடம். கோயம்புத்தூரில் இரண்டு ஆஸ்பத்திரி, ஈரோட்டில் ஒன்று. ஒரு குறையும் இல்லை என்று மூன்று இடத்திலும் சொன்னார்கள். மலைமேல் வேலை என்றதும் அவள் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம், இங்கே யாரும் விசேஷம் உண்டா என்று கேட்க மாட்டார்கள் என்பதுதான். கணவன் பூபதி மைசூருக்குக் காய்கறி லாரி ஓட்டினான். மாதத்தில் இரண்டு முறை வந்து தங்கிவிட்டுப் போவான்.

பதினேழாம் கொட்டில் குதிரையை அவள் முறுக்கி என்று கூப்பிட்டாள். சாம்பல் நிறம். யாராவது பக்கத்தில் வந்தால் கழுத்தை அந்தப் பக்கமாக முறுக்கிக்கொள்ளும். மற்ற குதிரைகள் மூன்று வருடத்தில் சோர்ந்து, தலையைத் தொங்கப்போட்டு நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டன. முறுக்கி மட்டும் நிற்காது. கொட்டிலுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வைக்கோலைக் காலால் ஒரு மூலைக்குத் தள்ளும், பிறகு வேறு மூலைக்குத் தள்ளும். தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். தரையில் அதன் குளம்பு பட்டு வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"சூட்டுக் குதிரை. கறவை பழகலை" என்றார் சென்னியப்பன்.

"வயிறு பெருத்திருக்குதுங்ண்ணா."

"வைக்கோல் வயிறு. என்ற வயித்தைப் பாரு, இது மட்டும் சினையா?"

ஒரு திங்கட்கிழமை காலை மலையில் பனி விலகாமல் இருந்தது. தொட்டித் தண்ணீர் கையை வைத்தால் வலிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. முறுக்கி அதில் மூக்கை அமிழ்த்தி நிறுத்தாமல் குடித்தது. சாதனா அதன் விலாவில் ஒட்டியிருந்த சாணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ இடித்தது.

கையை எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். குதிரை இன்னொரு மடக்குக் குடித்தது. மறுபடியும் இடித்தது. குளிர் பட்டதும் உள்ளேயிருந்து யாரோ காலை நீட்டி உதைத்த மாதிரி.

திரையைப் பார்த்தாள். அறுபத்து நான்கு.

ஸ்கேன் செய்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்த மிஷினை யார் இயக்கினாலும் படம் நேராகக் கம்பெனிக்குப் போகும். குதிரையின் கழுத்துப்பட்டையில் இருக்கும் கருவி கிண்ணத்துச் சத்தை மட்டும்தான் அளக்கும், அந்த அளவைத்தான் நாளாக மாற்றித் திரையில் காட்டும். விற்கிற சரக்கு அது ஒன்றுதான் என்பதால் வேறெதையும் அளக்க யாரும் நினைத்ததில்லை. உள்ளே குட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் எண் ஒன்றுதான்.

அவளுக்கு வேறொரு வழி தெரியும். முன்பு பால் சொசைட்டியில் வேலை பார்த்தபோது ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். மாட்டின் மூத்திரம் ஒரு பங்கு, தண்ணீர் பதினான்கு பங்கு. அதில் கோதுமையை ஊறப்போட வேண்டும். சினை இல்லாவிட்டால் கோதுமை முளைக்கும். சினையாக இருந்தால் முளைக்காது. சினைக்காலத்தில் ஊறும் சத்துக்கள் மூத்திரத்தோடு வந்து முளையை அடக்கிவிடும்.

நான்கு டிபன் பாக்ஸ் மூடிகளை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் பழைய வேட்டித் துணியை மடித்துப் போட்டு, இருபது கோதுமை மணிகளை எண்ணி வைத்தாள். முதல் மூடிக்குத் தண்ணீர் மட்டும். இரண்டாவதற்கு முறுக்கியினுடையது. மூன்றாவதற்குப் பன்னிரண்டாம் கொட்டில் குதிரையினுடையது, அதற்குக் கிண்ணம் உண்டு, குட்டி இல்லை. அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. பன்னிரண்டினுடையதும் முளைக்காவிட்டால், அது கிண்ணத்தாலா, பொடியாலா? பொடி உடம்பில் ஏறிய, ஆனால் கிண்ணமும் இல்லாத குட்டியும் இல்லாத ஒரு உடம்பு வேண்டும். யோசிக்கவே தேவையிருக்கவில்லை. நான்காவது மூடிக்குத் தன்னுடையதையே கலந்தாள். நிச்சயமாகக் காலியான வயிறு என்றால் இந்தப் பண்ணையில் அவளுடையதுதான்.

நான்கையும் தீவன அறை அலமாரியின் மேல் வைத்து, சாக்கால் மூடினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாள். கொள்ளு அளக்கும்போது எண்ணிக்கை தப்பியது. சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து போனாள்.

புதன்கிழமை சென்னியப்பன் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"என்ன அம்மிணி, மொளைகட்டி அடை சுடப்போறியாக்கும்? சொல்லிட்டுச் சுடு, நானும் ஒரு வாய் திங்கறேன்."

"ஐயோ, தொட்றாதீங்கண்ணா!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் சாக்கை விட்டுவிட்டார். அவளை ஒரு மாதிரி பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "அடை எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் மூடியில் பதினெட்டு மணிகள் முளைத்திருந்தன. பன்னிரண்டாம் கொட்டிலினுடையதில் பதினைந்து. முறுக்கியினுடையதில் ஒன்றுகூட இல்லை. மணிகள் உப்பி, பழுப்பேறி, வாய் திறக்காமல் கிடந்தன. நான்காவது மூடியிலும் எதுவும் முளைக்கவில்லை. அவசரத்தில் தண்ணீரைக் குறைவாக ஊற்றியிருப்போம் என்று அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் கறவை. எண் நின்ற ஆறு மாதத்தையும் சேர்த்தால் எட்டு மாதக் குட்டி வயிற்றில், அதோடு ஒரு பை ரத்தம். அடுத்த வாரம் இன்னொரு பை. முறுக்கியின் ஈறு ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்தது.

டாக்டர் ஜெனிட்டா நாகர்கோவில்காரர். நாற்பது குதிரைகளுக்கும் அவர்தான். மத்தியானம் அவர் மருந்து அறையில் தனியாக இருந்தபோது சாதனா மூடிகளை ஒரு முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டர் முறத்தைப் பார்க்கவில்லை. சாதனா சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இரட்டையா இருந்திருக்கும்" என்றார் கடைசியில். "ஒண்ணைத்தான் நான் பாத்தேன், ஒண்ணைத்தான் குத்தினேன். இன்னொண்ணு கருப்பையோட அந்தப் பக்கம் ஒளிஞ்சிருந்திருக்கு. ஒரு நாளைக்கு எட்டு குதிரை பாக்கச் சொன்னா என் கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"நாளைக்குக் கறவை இருக்குதுங் டாக்டரம்மா."

"தெரியும்."

"ஓய்வு எழுதிக் குடுத்திருங்களேன்."

"என்ன காரணம் எழுதட்டும்? குட்டி இருக்குன்னு எழுதினா, சாயங்காலத்துக்குள்ள பதில் வரும். எடுத்துருன்னு. இந்த மாசத்துல எடுத்தா தாயும் நிக்காது. இங்க குட்டி போட இடமில்ல சாதனா. ஒரு குதிரை குட்டி போட்டா, அந்தப் பட்டையில வர்ற எண் எல்லாம் என்னத்தைச் சொல்லுதுன்னு நாலு பேர் கேப்பாங்க."

"அப்ப சும்மா இருந்தர்லாமுங்களா?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. "என்னைப் பாத்து ஏன் கேக்குற? நீயும் தானே ஒன்றரை வருஷமா குழாயப் பிடிச்சுட்டு நிக்கிற? இந்த ஊசி இல்லேன்னா ராமநாதபுரத்துல பாதிப் பேரு ஆடு வளக்குறதை விட்டுருப்பாங்க. மழை பெய்யுற அந்த ஒரு மாசத்துக்குள்ள எல்லா ஆடும் குட்டி போட்டாத்தான் குட்டிக்குப் புல்லு. எங்கக்கா வீடே அப்படித்தான் ஓடுது. அதுவும் உண்மை தானே?"

"உண்மைதானுங்."

சாதனா போகவில்லை. முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே முறுக்கி கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. ஓர் உதை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஓர் உதை.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பொடியை நிறுத்தினா கிண்ணம் தானா அழியும். ரெண்டு மாசம் ஆகும். திரையில நாள் நகரும். அறுபத்தஞ்சு, எழுபது, நூறு. நூத்தியிருபதைத் தாண்டிட்டா சத்து தீந்த குதிரைன்னு கழிச்சு விட்டுருவாங்க. கழிச்ச குதிரைய யாரு வேணாலும் ஓட்டிட்டுப் போகலாம்."

"குட்டி? காவக்காரன் முழிச்சுக்கிட்டா குட்டியையும் தள்ளீரமாட்டானுங்களா?"

"தள்ளாது. குதிரைக்கு அது காலங்காலமா தெரிஞ்ச வழி. கிண்ணத்தை அழிக்கும், குட்டிய விட்டுரும். ஏன்னு இன்னும் முழுசா யாருக்கும் வெளங்கல. பொடி தின்னு பழகின குதிரைல எப்படின்னு எனக்குத் தெரியாது. யாரும் பாத்ததில்ல." ஒரு தாளை இழுத்தார். "கழுத்து நரம்பு வீங்கியிருக்குன்னு மூணு வாரம் ஓய்வு எழுதுறேன். அதுக்குள்ள நாள் நகரத் தொடங்கிட்டா கறவைப் பட்டியல்லேருந்து தானா பேரு போயிரும். பொடி நிறுத்துறது உன் வேலை. நான் ஒண்ணும் சொல்லல, நீ ஒண்ணும் கேக்கல."

எழுதிக்கொண்டே முறத்தை இழுத்துப் பார்த்தார். முளைத்த இரண்டு மூடிகளையும் முளைக்காத ஒன்றையும் விரலால் தொட்டு நகர்த்தினார். நான்காவதில் விரல் நின்றது.

"இது எந்தக் கொட்டில்?"

"அது கொட்டில் இல்லீங். வெறும் வயிறு ஒண்ணு வேணும்ல, ஒத்துப் பாக்க. என்ற வயிறுதானுங். தண்ணி அளவு தப்பிப்போச்சு."

"மத்ததுக்கு எதால அளந்த?"

"ஒரே சங்குதானுங். மருந்து ஊத்தற சங்கு. பதினாலு."

"இதுக்கும்?"

சாதனா எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமை, தீவன அறை, அடுப்பங்கரையிலிருந்து ரேடியோ சத்தம். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஊற்றியது அவளுக்கு நினைவிருந்தது.

"பதினாலுதானுங்" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நின்னு எத்தனை மாசமாச்சு?"

"ஒரு வருஷமா இல்லீங். இங்க எல்லாருக்கும் அப்படித்தானுங்களே."

"அப்ப கணக்கே இல்ல."

"என்ன கணக்குங்?"

டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து, அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, புடவைக்கு மேலாகவே வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். குதிரைகளைப் பார்த்துப் பழகிய கை. அழுத்தம் அதிகமாக இருந்தது. தொப்புளுக்குச் சற்றுக் கீழே அது நின்றது.

"அஞ்சு மாசம் இருக்கும்" என்றார். "சத்தியமங்கலத்துல போய்ப் பாத்தாத்தான் சரியா சொல்ல முடியும்."

சாதனாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் முறத்தைப் பார்த்தாள். முளைக்காத இருபது மணிகள்.

"பதினோரு வருஷங் டாக்டரம்மா. மூணு ஆஸ்பத்திரி. அப்ப வராதது இப்ப எப்படிங்?"

"எனக்குத் தோணுறதைச் சொல்லட்டா? தப்பாவும் இருக்கலாம். சில உடம்புல காவல் ரொம்ப அதிகம். உள்ள வர்றதை எல்லாம் வேத்தாளுன்னு தள்ளிரும். வந்ததே தெரியாம போயிரும். உனக்கும் அப்படி இருந்திருக்கலாம். பொடி உன் கைவழியா ஏறி ஏறி..."

"காவக்காரன் தூங்கிட்டான்."

"ஆமா."

கதவுக்கு அப்பால் உதைக்கும் சத்தம் நின்றிருந்தது. முறுக்கி மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கும்.

"அப்படீன்னா, நான் பொடியத் தொடறதை நிறுத்தினா?"

"தெரியல."

"தொட்டுக்கிட்டே இருந்தா?"

"அதுவும் தெரியல பிள்ளே. அந்தப் பொடி ஒரு குழந்தைய என்ன செய்யும்னு எவனும் பாத்ததில்ல. நோட்டீஸ்ல இருக்கே, அன்னைக்கே வெளிய போயிரணும்னு. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு பாக்கக்கூடாதுன்னுதான் அனுப்புறாங்க." டாக்டரின் கண்கள் சிவந்திருந்தன. "சட்டப்படி உன்னையும் நான் இப்ப எழுதணும்."

"என்னை அனுப்பிட்டா நாளைக்கே வேற ஆள் வந்து பதினேழுக்குப் பொடி வெக்கும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். கழுத்து வீக்கம், மூன்று வாரம் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். வேறு தாள் எதையும் அவர் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாதனா சென்னியப்பனைத் தேடிப் போனாள். அவர் வண்டியில் சாணம் ஏற்றிக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வாயில் வரவில்லை.

"அண்ணா, என்ற வரிசைக்கும் நீங்களே பொடி கலக்கறீங்களா? உங்க வரிசைச் சாணத்தை நான் அள்ளீர்றேன்."

"ஏன், கொள்ளு கசக்குதா?"

"கை அரிக்குதுங்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். முகத்தை, பிறகு அவள் அறியாமலே வயிற்றின்மேல் வைத்திருந்த கையை. அவர் முகத்திலிருந்த கேலி மெல்ல மறைந்தது.

"பத்துக் கொட்டிலுக்கும் கலக்கணுமா?"

"பதினேழுக்கு மட்டும்..." அவள் நிறுத்தினாள்.

"எனக்குக் கணக்கு வராது அம்மிணி" என்றார் சென்னியப்பன், மறுபடி சாணத்தை அள்ளிக்கொண்டே. "பள்ளிக்கூடத்துலயே வாத்தியார் தலைல குட்டுவாரு. பத்துன்னு சொன்னா ஒம்பதுல நின்னுருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

சாதனா கையுறைகளைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முறுக்கிக்கும் அவளுக்கும் பொடி ஒரே நாளில் நின்றது.

அதன்பின் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பூபதிக்குப் போன் செய்தாள், அவன் எடுத்ததும் தக்காளி விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் மறுபடி கூப்பிட்டு, வரும் செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை சத்தியமங்கலம் போக வேண்டும், லாரியில் இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று கேட்டான். வந்தால் சொல்கிறேன் என்றாள். படுத்தால் வயிற்றுக்குள் யாரோ கண் விழிப்பது போல இருக்கும். காவல்காரன் எழுந்து, சோம்பல் முறித்து, யார் இது என்று கேட்பது போல. இன்னும் கொஞ்சம் தூங்கு என்று அவனிடம் கெஞ்சினாள். குழந்தை பழகிய முகம்தான், வேற்றாள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். விடிந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது பதினேழாம் கொட்டிலின் தரையைத்தான். ரத்தம் இல்லை. இன்றைக்கு இல்லை. முறுக்கி சுற்றிக்கொண்டிருக்கும்.

திரையில் மட்டும் மாற்றமே இல்லை. ஐந்து நாள், ஏழு நாள். அறுபத்து நான்கு. ஒருவேளை சென்னியப்பன் பழக்க தோஷத்தில் கலந்துவிடுகிறாரோ என்று தோன்றியது. கேட்கவும் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் திங்கட்கிழமை. பனி. சாதனா விளக்கைப் போட்டாள். எப்போதும் போலத் திரையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாளியை எடுத்தாள். இரண்டு அடி நடந்த பிறகுதான் பார்த்தது உறைத்தது. திரும்பினாள்.

அறுபத்தைந்து.

அந்தப் பண்ணையில் யாரும் பார்த்திராத நாள். அவள் கிட்டே போய்த் திரையின் சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள். எண் அழியவில்லை. காவல்காரன் விழித்துவிட்டான். கிண்ணங்களை அரிக்கத் தொடங்கிவிட்டான். மற்றதை?

முறுக்கி சுற்றுவதை நிறுத்தியிருந்தது. கழுத்தை முறுக்காமல் அவளையே பார்த்தது. அவள் அதைத் தொட்டிக்கு நடத்திக்கொண்டு வந்தாள். தண்ணீரில் மிதந்த வைக்கோலைக் கையால் விலக்கினாள். குதிரை மூக்கை அமிழ்த்திக் குடித்தது. அவள் விலாவில் உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருந்தாள். ஒரு மடக்கு. ஒன்றுமில்லை. இரண்டு மடக்கு. மூன்று. மூச்சு விடாமல் நின்றாள்.

இடித்தது. பிறகு இன்னொரு முறை, அவள் கையையே குறிவைத்தது போலப் பலமாக.

சாதனா நெற்றியை முறுக்கியின் கழுத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்த கொட்டிலில் சென்னியப்பன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். குதிரையைத்தான்.

பிறகு அவள் அதே தொட்டியில் குனிந்து, குளிர்ந்த தண்ணீரை இரண்டு கைகளாலும் அள்ளிக் குடித்தாள். பல் கூசியது. மறுபடி அள்ளினாள். தண்ணீர் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து கீழேயும் இறங்குவது தெரிந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்து, வயிற்றின்மேல் வைத்தாள். முறுக்கி தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தது.

இருவரும் அசையாமல் நின்றார்கள்.